ஆழத்து மீன் மிதக்கிறதா? கலவா, செப்பிலியை உயிரோடு கீழே அனுப்ப, அறிகுறி வாரியாக

பாரில், அதாவது கடலடிப் பாறைத் திட்டில், கிடக்கும் கலவாவையோ செப்பிலியையோ விளமீனையோ இருபது பாகம் (ஏறத்தாழ 36 மீட்டர்) ஆழத்திலிருந்து தூக்கி, கொக்கியைக் கழற்றி, "போய்ப் பிழைச்சுக்கோ" என்று தண்ணீரில் விட்டால் பெரும்பாலும் அது போவதில்லை. வயிறு மேலாக மிதக்கும். வாலை நாலு முறை அடித்துப் பார்க்கும். படகு நகர்ந்த பிறகு கடற்காகம் வந்து கண்ணைக் கொத்தும். விட்டவருக்கு மீனை விட்ட திருப்தி, மீனுக்கோ வெயிலில் மெதுவான சாவு.

சென்னைப் பக்கம் கோவளத்திலிருந்தோ காசிமேட்டிலிருந்தோ தூண்டிலோடு வெளிக்கடல் போகிறவர்கள் பலர் இப்போது சின்ன மீனையும் முட்டை மீனையும் திருப்பி விடுகிறார்கள். விடுவது என்று முடிவெடுத்தால் கீழே கொண்டுபோய் விட வேண்டும். அதில் எங்கே பிசகும், பிசகினால் என்ன செய்வது என்பது இங்கே அறிகுறி வாரியாக இருக்கிறது.

காரணத்தை முதலில் பிடித்துக்கொள்ளுங்கள்

மீனின் முதுகெலும்புக்கு அடியில் ஒரு காற்றுப்பை இருக்கிறது. கூறல் மீனுக்கு விலை ஏற்றிவிடும் 'நெட்டி' என்பது இந்தப் பைதான். கடலில் 10 மீட்டர் இறங்க இறங்க ஒரு வளிமண்டல அழுத்தம் கூடும். மேலே 1, 10 மீட்டரில் 2, 30 மீட்டரில் 4, 60 மீட்டரில் 7. அழுத்தம் எத்தனை மடங்கு குறைகிறதோ அத்தனை மடங்கு காற்று விரியும். 60 மீட்டரில் ஒரு எலுமிச்சம்பழ அளவு இருந்த காற்று மேலே வரும்போது ஏழு பழம்.

இந்தக் கணக்கில் பலர் கவனிக்காத ஒன்று உண்டு. 60 மீட்டரிலிருந்து 10 மீட்டர் வரை ஏறும்போது ஒரு பழம் மூன்றரைப் பழமாகிறது. மீதி மூன்றரையும் கடைசி 10 மீட்டரில் சேர்கிறது. திரும்ப அனுப்பும்போதும் அப்படியே: முதல் 10 மீட்டரைத் தாண்டிவிட்டால் வீக்கம் பாதியாகிவிடும், அதன்பின் இறங்குவது எளிது. நீங்கள் போடும் எடை, கயிறு, கூடை எல்லாம் அந்த முதல் 10 மீட்டருக்காகத்தான் முக்கியமாகப் பாடுபடுகின்றன.

மெதுவாகச் சுற்றி ஏற்றினால் மீன் பழகிக்கொள்ளும் என்று ஒரு நம்பிக்கை உலவுகிறது. பழகாது. கலவா, செப்பிலி, விளமீன் இவற்றின் பைக்கு வெளிவாசல் கிடையாது. காற்று ரத்தம் வழியாகத்தான் கரைந்து போக வேண்டும், அதற்கு மணிக்கணக்கில் ஆகும். ஐந்து நிமிஷம் கூடுதலாக இழுத்தடித்தால் களைப்புதான் மிச்சம். கெளுத்தி, பால் கெண்டை வகைகளுக்குப் பையிலிருந்து தொண்டைக்குக் குழாய் உண்டு, அவை ஏப்பம் விடுகிற மாதிரி காற்றை விட்டுவிடும். வஞ்சிரம், கடல் விரால், சுறா, திருக்கை இவற்றுக்குக் காற்றுப்பையே கிடையாது. ஆகவே கீழே வருவதில் பெரும்பகுதி பார் மீன்களுக்கு மட்டும். வஞ்சிரத்தின் தொல்லை வேறு, அது கடைசியில் வருகிறது.

தூண்டில் போடும் முன்பே கையருகில் இருக்க வேண்டியவை

மீன் மேலே வந்தபிறகு பெட்டியைத் துழாவினால் அங்கேயே இரண்டு நிமிஷம் போய்விடும். அமெரிக்காவில் மெக்ஸிகோ வளைகுடாவில் பார் மீன் பிடிக்கும் படகுகள் 2022 ஜனவரி முதல் மீனை ஆழத்துக்கு இறக்கும் கருவியையோ காற்றெடுக்கும் ஊசியையோ பூட்டித் தயாராக வைத்திருக்க வேண்டும் என்று சட்டமே வந்தது. அந்தச் சட்டம் இறக்கும் கருவிக்குக் கேட்ட குறைந்தபட்ச எடை 16 அவுன்ஸ், அதாவது சுமார் 450 கிராம். அது சட்டத்துக்குப் போதும், பெரிய கலவாவுக்குப் போதாது.

இறக்குவதற்கு மூன்று வழி.

ஒன்று, தலைகீழ்க் கொக்கி. 10/0 அளவில் J எழுத்து வடிவில் இருக்கும் ஒரு பெரிய ஜே கொக்கி எடுத்து, முனையருகே உள்ள முள்ளை அரத்தால் முழுக்க ராவிவிடுங்கள். கயிற்றைக் கொக்கியின் வளைவில் கட்ட வேண்டும், ஈயத்தைக் கொக்கியின் கண்ணில் தொங்கவிட வேண்டும். தொங்கவிட்டுப் பார்த்தால் வளைவு மேலேயும் முனை கீழேயும் இருக்கும். தூண்டில் ஏற்கெனவே போட்ட ஓட்டையிலேயே இதைக் கோத்து இறக்கினால் எடை மீனின் தலையைக் கீழே இழுத்துப் போகும். ஆழம் வந்ததும் கயிற்றை வெடுக்கென்று ஒரு இழுப்பு, கொக்கி வழுக்கி வெளியே வந்துவிடும். செலவு என்று பார்த்தால் ஈயத்தின் விலைதான். பாதிப் பேருக்கு இதுவே போதும்.

இரண்டு, கவிழ்த்த கூடை. பால் பாக்கெட் வருகிற மாதிரி பிளாஸ்டிக் கிரேட் பாரிமுனைப் பக்கத்துக் கடைகளில் கிடைக்கும். அதைக் கவிழ்த்து, திறந்த வாயின் நாலு மூலையிலும் ஒவ்வொரு கிலோ எடை கட்டுங்கள். மேலே வந்த அடிப்பக்கத்தின் நாலு மூலையிலிருந்தும் கயிறு எடுத்து நடுவில் ஒரு முடிச்சு, அதில் 6 மில்லிமீட்டர் நைலான் கயிறு. எடையை அடிப்பக்கத்தில் கட்டுவது வழக்கமான தப்பு. தண்ணீரில் விட்டதும் கூடை புரண்டு மீன் வெளியே போய்விடும். இதில் மீனை எங்கேயும் பிடிக்க வேண்டியதில்லை, மிதக்கிற மீன் தானாகவே கூடையின் கூரையில் ஒட்டிக்கொண்டு இறங்கும், வீக்கம் தணிந்ததும் அடிவழியாக நழுவிப் போய்விடும். வாய் கிழிந்த மீனுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. படகில் இடத்தை அடைக்கும் என்பது மட்டும் குறை.

மூன்று, அழுத்தத்துக்குத் தானாகத் திறக்கும் உதட்டுப் பிடி. சீக்வலைசர் என்ற பெயரில் வருவது இந்த வகை. சாதாரண மாடலில் 50, 100, 150 அடி என்று மூன்று நிலை இருக்கும், அதாவது ஏறத்தாழ 15, 30, 45 மீட்டர். சௌகரியம் அதிகம், விலையும் அதிகம்.

இவை போக கொக்கி கழற்றி, நனைந்த ரப்பர் விரிப்பு, 16 கேஜ் ஊசி ஒன்று. இறக்கும் கருவியை மீன் பிடிக்கிற ராடில் மாட்டாதீர்கள். தனி ராடோ கைக்கயிறோ வையுங்கள். ஜிக்கிங்குக்கு (உலோக இரையை மேலும் கீழும் ஆட்டிப் பிடிப்பது) போடும் பல நிறப் பின்னல் லைன் 10 மீட்டருக்கு ஒரு நிறம் மாறும், ஆழம் எண்ணுவதற்கு அதுவே அளவுகோல். வெறும் கயிறு என்றால் 5 மீட்டருக்கு ஒரு முடிச்சு போட்டுக்கொள்ளுங்கள்.

அறிகுறி 1: விட்டதும் வயிறு மேலாக மிதக்கிறது

இதுதான் அடிக்கடி பார்ப்பது. வயிற்றைத் தட்டிப் பார்த்தால் மேளம் மாதிரி விறைப்பாக இருக்கும். மீன் செத்துவிட்டது என்று எண்ணிவிடாதீர்கள், செவுள் அசைகிறதா பாருங்கள். அசைகிறது என்றால் அதற்கு இறங்க வழியில்லை, அவ்வளவுதான்.

வலையால் அள்ளி உடனே இறக்குங்கள். மேலே வந்ததிலிருந்து இரண்டு நிமிஷத்துக்குள் அது கீழே போய்க்கொண்டிருக்க வேண்டும். படம் எடுக்க வேண்டும் என்றால் ஒன்று போதும், அதுவும் ஒருவர் கருவியைக் கோத்துக்கொண்டிருக்கும்போதே.

எடை எவ்வளவு? கணக்குப் போட்டுப் பார்ப்போம். கடல் மீனின் காற்றுப்பை உடல் கனஅளவில் சுமார் 5 சதவீதம். 4 கிலோ கலவா என்றால் 200 மில்லி. 40 மீட்டரிலிருந்து வந்தால் அது ஐந்து மடங்கு, ஒரு லிட்டர். கூடுதலாகச் சேர்ந்த 800 மில்லி மீனை மேலே தள்ளுகிற விசை 800 கிராமுக்கு மேல். தண்ணீருக்குள் ஒரு கிலோ ஈயம் 900 கிராம் சொச்சம்தான் நிற்கும். ஆக ஒரு கிலோ ஈயம் போட்டால் மீன் சட்டென்று இறங்காது, ஊசலாடும். 2 கிலோ போட்டால் விறுவிறுவென்று போகும். இரும்பும் கிட்டத்தட்ட அப்படியே, உடற்பயிற்சிக் கூடத்து இரண்டரைக் கிலோ தட்டு நன்றாக வேலை செய்யும். சிமெண்டுக் கட்டை மட்டும் வேண்டாம், தண்ணீருக்குள் அதன் எடையில் நாற்பது சதவீதம் காணாமல் போய்விடும்.

தோராயமாக, மீனின் எடையில் பாதி ஈயம் என்று வைத்துக்கொண்டால் சென்னைக்கு வெளியே சாதாரணமாக ஏறும் பார் மீன்களுக்குச் சரியாக இருக்கும். 20 கிலோ கலவா மாட்டிக்கொண்டால் அதே கணக்குப்படி மேலே தள்ளும் விசை 4 கிலோ. படகின் சின்ன நங்கூரத்தையே பயன்படுத்த வேண்டியதுதான்.

அறிகுறி 2: வாயிலிருந்து பலூன் மாதிரி ஏதோ வெளியே வந்திருக்கிறது

இங்கேதான் அதிக மீன் சாகிறது, அதுவும் நல்லெண்ணத்தால். இளஞ்சிவப்பாக, வழவழவென்று, வாய் நிறைய உப்பிக்கொண்டு நிற்கும். "காத்துப்பை வெளிய வந்துடுச்சு தம்பி, குத்தி வுடு, போய்டும்" என்று படகில் யாராவது ஒருவர் சொல்லாமல் இருக்க மாட்டார். அனுபவசாலி சொன்னால் கை கத்திக்குப் போவது இயல்பு.

அது காற்றுப்பை அல்ல, இரைப்பை. உள்ளே காற்றுப்பை விரிந்தோ வெடித்தோ இடம் பற்றாமல் போய், இரைப்பையைச் சட்டைப் பையைப் புரட்டுகிற மாதிரி உள்வெளியாகப் புரட்டித் தொண்டை வழியே தள்ளியிருக்கிறது. உற்றுப் பார்த்தால் மடிப்பு மடிப்பாகச் சவ்வு தெரியும், சில நேரம் பாதி செரித்த இறாலும் ஒட்டிக்கொண்டிருக்கும். அதைக் குத்தினால் மீனின் வயிற்றில் ஓட்டை போட்டதாக ஆகும். காற்று கொஞ்சம் போகலாம், மீன் முழுகவும் செய்யலாம். முழுகிப் போய்க் கீழே சாகும், நமக்குத் தெரியாது.

விரலால் உள்ளே தள்ளவும் கூடாது. அழுத்தம் உள்ளேயிருந்து வரும்போது வெளியிலிருந்து தள்ளினால் சவ்வு கிழியும்.

செய்ய வேண்டியது ஒன்றே: கொக்கி அந்தச் சவ்வில் மாட்டியிருந்தால் லைனை அருகில் வெட்டி, கூடையிலோ தலைகீழ்க் கொக்கியிலோ உடனே இறக்குங்கள். கொக்கியைக் கோக்கும்போது உப்பிய சவ்வைத் தொடாமல் கீழ்த்தாடையின் ஓரத்தில் கோக்க வேண்டும். கீழே போகப் போக உள்ளே இருக்கும் காற்று சுருங்கும், இரைப்பைக்கு மறுபடி இடம் கிடைக்கும். காற்றுப்பை வெடித்திருந்தாலும் பல மீன்களில் அது தழும்பு கட்டி ஆறிவிடும், ஆனால் அதற்கு மீன் அடியில் இருக்க வேண்டும்.

அறிகுறி 3: கண் பிதுங்கி நிற்கிறது, அல்லது கண்ணுக்குள் குமிழி

பார்ப்பதற்குத்தான் பயங்கரம். கண்ணுக்குப் பின்னால் காற்று சேர்ந்து விழியை வெளியே தள்ளியிருக்கிறது. கண்ணாடிக்கு அடியில் குமிழி வைத்த மாதிரி வெண்மையாகத் தெரிந்தால் விழிக்குள்ளேயே காற்று இருக்கிறது. அழுத்தம் திரும்பக் கிடைத்தால் இதுவும் பெரும்பாலும் உள்வாங்கும். ஆகவே கண் பிதுங்கிய மீனைச் செத்த கணக்கில் எழுதாதீர்கள்.

இந்த மீனைப் பிடிக்கும் விதத்தில் மட்டும் கூடுதல் கவனம் வேண்டும். கலவாவை விழிக்குழியில் இரண்டு விரல் விட்டுத் தூக்குவது இங்கே பழக்கம். விற்கிற மீனுக்குச் சரி, விடுகிற மீனுக்கு அதோடு முடிந்தது. கீழ்த்தாடையில் ஒரு கை, வயிற்றுக்கு அடியில் ஒரு கை, படுக்கை வாக்கில். தாடையில் மட்டும் தொங்கவிட்டால் பெரிய மீனுக்குத் தொண்டைத் தசை கிழியும். கை நனைந்திருக்க வேண்டும், துணியால் பிடிக்கக் கூடாது, வழுவழுப்பு போனால் அந்த இடத்தில் புண் வரும்.

அறிகுறி 4: பின்வாயில் குடல் தெரிகிறது, செதில் குத்திட்டு நிற்கிறது

தள்ளாதீர்கள், வெட்டாதீர்கள், இறக்குங்கள். செதில் தூக்கி, துடுப்பின் அடியில் சின்னச் சின்னக் குமிழி தெரிந்தால் காற்று திசுக்களிலேயே இறங்கியிருக்கிறது, ஆழம் அதிகம் என்று அர்த்தம். இரண்டு மூன்று மீனில் தொடர்ந்து இதைப் பார்த்தால் அந்தப் பாரை விட்டு நகர்வதுதான் மருந்து. 70, 80 மீட்டருக்குக் கீழே கலவாவைப் பிடித்து விடுவது என்ற விளையாட்டே வேண்டாம் என்பது எங்கள் கட்சி. அங்கே பிடித்தால் தேவையான அளவு கறிக்கு எடுத்துக்கொண்டு நிறுத்திவிடுங்கள்.

அறிகுறி 5: வீக்கம் ஒன்றும் இல்லை, ஆனால் துவண்டு கிடக்கிறது

இரண்டு காரணம் இருக்கலாம். ஒன்று, காற்றுப்பை வெடித்துக் காற்று வெளியேறிவிட்டது, அதனால் வயிறு தட்டையாகத் தெரிகிறது. வெளியே வீக்கம் இல்லாதது நல்ல சகுனம் என்று நம்பிவிட முடியாது. 30 மீட்டருக்குக் கீழிருந்து வந்த பார் மீன் எதுவானாலும், அறிகுறி இருந்தாலும் இல்லாவிட்டாலும் இறக்கியே விடுங்கள்.

மற்றது, சூடு. மீன்பிடித் தடைக்காலம் ஜூன் 14இல் முடிந்து படகுகள் கிளம்பும் நாட்களில் மேல்தண்ணீரே 29, 30 டிகிரி இருக்கும். அடியில் அதைவிடக் குளிர்ச்சியில் இருந்த மீன் அந்த வெந்நீரைத் தாண்டி வந்து, ஃபைபர் தளத்தில் விழுகிறது. மதியம் பதினொரு மணிக்கு அந்தத் தளத்தில் வெறுங்காலை வைத்துப் பார்த்தால் தெரியும். விரிப்பைக் கடல்நீர் ஊற்றி நனைத்தே வைத்திருங்கள், மீனை நிழல் பக்கம் வையுங்கள்.

சிலர் தொட்டியில் போட்டு, "கொஞ்சம் ஆசுவாசப்படட்டும்" என்று பத்து நிமிஷம் வைப்பார்கள். சூரைக்கோ பாறை மீனுக்கோ களைப்பு தீர அது உதவலாம். காற்றால் உப்பிய மீனுக்குத் தொட்டியும் மேற்பரப்பும் ஒன்றுதான், அழுத்தம் அங்கே கிடையாது. பத்து நிமிஷமும் சேதம் கூடிக்கொண்டே போகும்.

அறிகுறி 6: இறக்கிவிட்டோம், ஐந்து நிமிஷத்தில் திரும்ப மேலே வந்துவிட்டது

ஆழம் போதவில்லை. 60 மீட்டர் மீனை 10 மீட்டரில் விட்டால் அதற்குள் இன்னும் மூன்றரை மடங்கு காற்று இருக்கிறது. முடிந்தால் பிடித்த ஆழத்துக்கே, முடியாவிட்டால் குறைந்தது பாதி ஆழத்துக்கு. 30 மீட்டரில் விட்டால் காற்று 1.75 மடங்குதான், அதை மீன் சமாளித்துக்கொள்ளும்.

கயிறு போதுமான அளவு விட்டும் இப்படி ஆனால், கயிறு சாய்ந்து போயிருக்கும். நீரோட்டம் பலமாக இருக்கும் நாளில் 40 மீட்டர் கயிறு விட்டாலும் கருவி 25 மீட்டரில் பறந்துகொண்டிருக்கும். சென்னைக் கரையில் மார்ச், ஏப்ரலில் ஓட்டம் வடக்கே இழுக்கும், அக்டோபருக்குப் பின் தெற்கே. என்ஜினை நியூட்ரலில் போட்டுப் படகைக் கயிற்றுக்கு மேலேயே வைக்கச் சொல்லுங்கள்: "அண்ணே, கயிறு நேரா நிக்கிற மாதிரி புடிங்க, ஒரு நிமிஷம்." இன்னும் ஒரு கிலோ எடை கூட்டினால் சாய்வு குறையும். தடித்த நைலான் கயிற்றுக்குப் பதில் மெல்லிய பின்னல் லைன் போட்டாலும் குறையும், ஓட்டம் தள்ளுவது கயிற்றைத்தான்.

திரும்ப வந்த மீனை இன்னொரு முறை இறக்கலாம். மூன்றாவது முறை வந்தால் ஐஸ் பெட்டியில் போடுங்கள்.

அறிகுறி 7: உதட்டுப் பிடி திறக்கவே இல்லை, அல்லது பாதியில் திறந்துவிட்டது

திறக்காததற்கு முதல் சந்தேகம், வைத்த நிலை. 45 மீட்டர் நிலையில் வைத்துவிட்டுத் தரை 40 மீட்டரில் இருந்தால் எத்தனை நேரம் காத்திருந்தாலும் திறக்காது. பிடித்த இடத்திலிருந்து படகு மிதந்து மேட்டுப் பக்கம் வந்துவிட்டதா என்று ஆழம் காட்டும் எக்கோ சவுண்டரைப் பாருங்கள். நிலை சரி என்றால் உப்புப் படிவு. ஒவ்வொரு முறையும் கரைக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் ஊறவைத்துத் தாடையைப் பத்து முறை திறந்து மூடுங்கள். கடலில் சிக்கிக்கொண்டால் கயிற்றை இரண்டு முறை வெடுக்கென்று இழுத்துப் பாருங்கள், பிறகு மீனை மேலே கொண்டுவந்து ஒரு நிலை குறைத்து மறுபடி அனுப்புங்கள்.

பாதியில் கழன்றது என்றால் பெரும்பாலும் பிடித்த இடம் தப்பு. உதட்டின் நுனித் தோலைப் பிடித்தால் வழுக்கும், தாடை எலும்போடு சேர்த்துப் பிடிக்க வேண்டும். செப்பிலியின் உதடு மெல்லியது, இரண்டு கிலோவுக்கு மேல் எடை தொங்கினால் கிழியவும் செய்யும். அதற்குக் கூடைதான் பொருத்தம்.

கீழே என்ன நடக்கிறது என்று பார்க்க ஆசைப்பட்டால் கருவிக்கு ஒரு மீட்டர் மேலே கேமரா கட்டலாம். பெரும்பாலான ஆக்‌ஷன் கேமராக்கள் வெளிக்கூடு இல்லாமல் 10 மீட்டர்தான் தாங்கும் என்பதைக் கட்டும் முன் ஞாபகம் வையுங்கள்.

அறிகுறி 8: இறக்கும் கயிறு படபடவென்று அடிக்கிறது, கருவி காலியாக வருகிறது

சுறாவோ பெரிய பாறை மீனோ சீலாவோ நடுவழியில் எடுத்துவிட்டது. ஒரு முறை நடந்தால் தற்செயல், இரண்டாம் முறை நடந்தால் அவை படகுக்கு அடியிலேயே காத்திருக்கின்றன. எடையைக் கூட்டி வேகமாகத் தரைவரை இறக்குவது கொஞ்சம் உதவும். இடத்தை மாற்றுவது அதிகம் உதவும். குடலையும் இரைத் துண்டையும் அங்கே கொட்டுவதை நிறுத்துங்கள்.

இறக்கும் கருவி கையில் இல்லை, ஊசிதான் இருக்கிறது

ஊசி இரண்டாம் பட்சம். சரியான கையில் அது மீனைக் காப்பாற்றும், பழகாத கையில் ஈரலைக் கிழிக்கும். வேறு வழியே இல்லாதபோது:

16 கேஜ் ஊசி, மருந்துக் கடையில் வாங்கியது. உள்ளே ஓட்டை உள்ளதாக இருக்க வேண்டும், கோணி ஊசியும் கத்தி முனையும் காற்றை வெளியே விடாது, காயம் மட்டும் செய்யும். சிரிஞ்சின் தண்டை உருவிவிட்டுக் குழாயோடு பிடித்துக்கொண்டால் பிடி நன்றாக இருக்கும். டெட்டாலில் துடைத்துக்கொள்ளுங்கள்.

மீனைப் பக்கவாட்டில் நனைந்த விரிப்பில் படுக்க வைத்து, கண்ணை ஈரக் கையால் மூடுங்கள், அடங்கும். பக்கத் துடுப்பு உடலோடு சேரும் இடத்திலிருந்து வால் பக்கமாக 3 முதல் 5 செ.மீ. பின்னால் இடம் பாருங்கள், துடுப்பை மடக்கினால் அதன் நுனி ஏறத்தாழ அங்கே வரும். ஒரு செதிலை லேசாக நிமிர்த்தி, அதன் அடியில் தலையை நோக்கி 45 டிகிரி சாய்வாக ஊசியைச் செலுத்துங்கள். தோலையும் தசையையும் தாண்டி 'புஸ்' என்று சத்தம் வந்ததும் நிறுத்த வேண்டும், அதற்கு மேல் ஒரு மில்லிமீட்டரும் வேண்டாம். காற்று தானாகப் போகட்டும், வயிற்றை லேசாக ஒத்தினால் போதும், பிதுக்கக் கூடாது. வயிறு மிருதுவானதும் ஊசியை எடுத்து, மீனைத் தலை முதலாக வேகத்தோடு தண்ணீரில் பாய்ச்சுங்கள். சத்தமே வரவில்லை என்றால் இன்னும் ஆழமாகக் குத்தாதீர்கள், இடத்தை மாற்றிப் பத்துத் துளை போடவும் வேண்டாம்.

வாயில் வந்த இரைப்பையில் இந்த ஊசியையும் வைக்கக் கூடாது என்பதை இன்னொரு முறை சொல்வதில் தப்பில்லை.

அறிகுறி 9: செவுளில் ரத்தம், அல்லது கொக்கியை விழுங்கிவிட்டது

செவுளிலிருந்து ரத்தம் ஒழுகிக்கொண்டே இருந்தால் அந்த மீன் கறிக்கு. அதை விட்டால் புண்ணியம் இல்லை. விழுங்கிய கொக்கி என்றால் தோண்டாதீர்கள், லைனைக் கொக்கிக்கு அருகில் வெட்டிவிட்டு மீனை இறக்குங்கள். இது அடிக்கடி நடந்தால் கொக்கியை மாற்ற வேண்டிய நேரம். முனை உள்நோக்கி வளைந்து, பக்கவாட்டில் சாயாமல் தண்டோடு ஒரே தளத்தில் இருக்கும் சர்க்கிள் கொக்கி வாயோரத்தில் மாட்டும், முள்ளைக் குறடால் நசுக்கிவிட்டால் இரண்டு நொடியில் கழலும். அதற்குச் சடாரென்று சுண்டி இழுக்கும் பழக்கத்தை மட்டும் விட வேண்டும், லைன் இறுகினதும் சுற்ற ஆரம்பித்தாலே போதும். துருப்பிடிக்காத எஃகுக் கொக்கி வேண்டாம், உள்ளே தங்கினால் கரையாது.

அறிகுறி 10: வஞ்சிரம் கல் மாதிரி மூழ்குகிறது

இதற்கு இறக்கும் கருவியும் தேவையில்லை, ஊசியும் தேவையில்லை, காற்றுப்பையே இல்லாத மீன். ஓடிக்கொண்டே இருந்தால்தான் அதன் செவுளுக்குத் தண்ணீர் கிடைக்கும், சூரைக்கும் அப்படியே. நீண்ட சண்டையில் களைத்து நின்றுவிட்டால் மூச்சு நின்ற மாதிரி. தடித்த லைன் போட்டுச் சண்டையைச் சுருக்குவது, படகில் ஏற்றாமல் தண்ணீரிலேயே கழற்றுவது, ஏற்றினால் ஈட்டி எறிகிற மாதிரித் தலை முதலாகப் பாய்ச்சுவது, இவைதான் வழி. வாலைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டாதீர்கள், பின்னால் இழுக்கும்போது தண்ணீர் செவுளுக்குள் தலைகீழாகப் போகிறது.

பெரிய கலவா வந்தால்

கலவா வகை பெரும்பாலும் பெண்ணாகத் தொடங்கி, வளர்ந்தபின் ஆணாக மாறும். ஒரு பாரின் பெரிய கலவாக்களை எல்லாம் எடுத்துவிட்டால் அங்கே ஆணே மிஞ்சாது. விடுவதற்கு முதல் தகுதி அவற்றுக்குத்தான், இறக்குவதற்கு அதிக எடை கேட்பதும் அவைதான். அதிலும் ராட்சதக் கலவா 2001இல் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் பட்டியலில் சேர்க்கப்பட்ட மீன். தளத்துக்கு ஏற்றவே கூடாது. படகின் ஓரத்திலேயே கொக்கியை வெட்டிவிட்டு, கீழ்த்தாடையில் தலைகீழ்க் கொக்கியைக் கோத்து, நங்கூரத்தைக் கட்டி அனுப்புங்கள். நங்கூரக் கயிறு காலில் சுற்றாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.